ஈவ் ஆன்லைனில் எவ்வளவு வேகமாக வளரலாம், எவ்வளவு சம்பாதிக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரத்து சிசிபி கேம்ஸ் நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு ஈவ் ஆன்லைன். சீனாவுக்குத் தனி சர்வர் உண்டு; மற்ற எல்லோரும் டிராங்குவிலிட்டி என்ற ஒரே சர்வரில்தான் ஆடுகிறார்கள். இங்கே கப்பல் வெடித்தால் வெடித்ததுதான், திரும்ப வராது. கப்பல்களையும் குண்டுகளையும் பெரும்பாலும் ஆட்டக்காரர்களே செய்து விற்கிறார்கள். அதனால் "எவ்வளவு சீக்கிரம் பணக்காரன் ஆகலாம்" என்ற கேள்விக்கு, வேறு எந்த விளையாட்டையும் விட இங்கே நீளமான பதில் தேவைப்படுகிறது. விளையாட்டின் பணம் இஸ்க். எண்களை லட்சம், கோடி என்றே எழுதியிருக்கிறோம். ஆட்டத்துக்குள் மில்லியன், பில்லியன் என்று பேசுவார்கள்: 1 மில்லியன் 10 லட்சம், 1 பில்லியன் 100 கோடி.

இருபது வருடமாக ஆடுகிறவர்களை இனிமேல் எட்டிப் பிடிக்க முடியுமா?

மொத்தக் கணக்கில் முடியாது. ஒரு கப்பலுக்குள் முடியும், சண்டையில் அதுதான் வேண்டும். ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் 5 படிகள்தான், ஆறாவது படி யாருக்கும் கிடையாது. சின்ன ஃபிரிகேட் ஒன்றை ஓட்டும்போது அந்தக் கப்பலுக்கும் அதன் துப்பாக்கிக்கும் தொடர்பான இருபது முப்பது ஸ்கில்கள் மட்டுமே வேலை செய்யும். பழைய ஆள் 20 கோடி ஸ்கில் பாயிண்ட் வைத்திருந்தாலும், பெரிய கப்பல்களுக்காக அவர் கற்றதெல்லாம் அந்த ஃபிரிகேட்டில் சும்மா கிடக்கும். சில மாதம் ஒரே திசையில் கற்றால், அந்த ஒரு கப்பலில் நீங்களும் அவரும் ஏறக்குறைய சமம். அவருக்கு அனுபவம் கூட இருக்கும். அது வேறு விஷயம், அதைக் காசு கொடுத்து வாங்கவும் முடியாது.

ஒரு ஸ்கில் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்கில்கள் கடிகார நேரத்தில் ஏறுகின்றன. நீங்கள் ஆடினாலும், தூங்கினாலும், கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டாலும் வரிசையில் போட்டது ஓடிக்கொண்டிருக்கும். எலியைக் கொன்று எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) சேர்க்கும் பழக்கம் இங்கே கிடையாது.

ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஒரு பெருக்கு எண் உண்டு. பெருக்கு எண் 1 உள்ள ஸ்கில்லுக்கு முதல் படி 250 பாயிண்ட். மூன்றாம் படி வரை மொத்தம் 8,000, நான்காம் படி வரை 45,255, ஐந்தாம் படி வரை 2,56,000. கடைசித் தாவல் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். மொத்தப் பாயிண்டில் 18 சதவீதத்துக்கும் குறைவாகச் செலவழித்து நான்காம் படிக்கு வந்துவிடலாம், அதற்குள் பலனில் 80 சதவீதம் கையில். மிச்ச 20 சதவீதத்துக்கு 82 சதவீத நேரம் போகும்.

புதுப் பாத்திரம் ஒமேகா (சந்தா கட்டும்) கணக்கில் நிமிடத்துக்குச் சுமார் 30 பாயிண்ட் கற்கும், அதாவது நாளுக்கு 43,200. அந்த வேகத்தில் பெருக்கு எண் 1 ஸ்கில் நான்காம் படிக்கு வர ஒரு நாளும் ஒரு மணி நேரமும். அங்கிருந்து ஐந்தாம் படிக்கு இன்னும் ஏறக்குறைய 5 நாள். பேட்டில்ஷிப் (பெரிய போர்க்கப்பல்) ஸ்கில்லின் பெருக்கு எண் 8. அதை நான்கிலிருந்து ஐந்துக்கு ஏற்ற மட்டும் 39 நாள்.

அதனால், எதையும் முதலில் 3 அல்லது 4 வரை ஏற்றுங்கள். ஐந்தாம் படி இல்லாமல் ஒரு கப்பலோ கருவியோ திறக்காது என்றால் மட்டும் 5 போடுங்கள். முதல் மாதத்தில் பேட்டில்ஷிப்பைத் துரத்துகிறவர்கள் அதில் உட்கார்ந்த பிறகுதான் கவசமும் கெப்பாசிட்டரும் (கப்பலின் மின்சேமிப்பு) குறி பார்க்கும் வேகமும் கையில் இல்லை என்று கண்டுபிடிப்பார்கள். எல்லாக் கப்பலுக்கும் பொதுவான அடிப்படை ஸ்கில்கள் (சிபியு மேனேஜ்மென்ட், பவர் கிரிட் மேனேஜ்மென்ட், மெக்கானிக்ஸ், ஹல் அப்கிரேட்ஸ், ஷீல்டு மேனேஜ்மென்ட், நேவிகேஷன் வகையறா) முதலில் 4 ஆகட்டும்.

கற்கும் வேகத்தைக் கூட்ட முடியுமா?

முடியும். நிமிட வேகம் என்பது, அந்த ஸ்கில்லுக்கு உரிய பாத்திரப் பண்புகள் இரண்டில், முதன்மைப் பண்பின் முழு அளவும் துணைப் பண்பின் பாதியும் சேர்ந்தது. பண்புகளை மறுபகிர்வு செய்து முதன்மையை 27, துணையை 21 ஆக்கினால் நிமிடத்துக்கு 37.5, நாளுக்கு 54,000. முன்பைவிட 25 சதவீதம் கூடுதல். மண்டையில் பொருத்தும் இம்பிளான்ட்டுகளில் உச்சமான +5 வகையையும் சேர்த்தால் நிமிடத்துக்கு 45. ஆண்டுக் கணக்கில் சொன்னால், ஒன்றுமே செய்யாதவருக்கு 1.58 கோடி பாயிண்ட், எல்லாம் செய்தவருக்கு 2.36 கோடி.

இதில் இரண்டு கண்ணி. மறுபகிர்வு ஆண்டுக்கு ஒன்றுதான் வரும். புதுப் பாத்திரத்துக்குக் கூடுதலாக இரண்டு கொடுப்பார்கள். முதல் வாரத்திலேயே எரித்துவிட்டால், சுரங்கம் வேண்டாம் சண்டைதான் வேண்டும் என்று மனம் மாறும்போது கையில் இருக்காது. இரண்டாவது, இம்பிளான்ட்டுகள் உடலோடு போகும். கப்பல் வெடித்தபின் தப்பும் சின்ன உருண்டையையும் உடைத்துவிட்டால் மொத்தமும் காலி. விலை உயர்ந்த இம்பிளான்ட்டைக் காப்பாற்றுவதற்காக நிலையத்தை விட்டே வெளியே வராதவர்களை நிறையப் பார்க்கலாம். கற்கும் வேகத்துக்காக ஆட்டத்தையே கைவிட்டதுதான் மிச்சம்.

கணக்குத் தொடங்கும்போது ஏற்கெனவே ஆடும் ஒருவரின் பரிந்துரை இணைப்பு வழியாக வாருங்கள். 10 லட்சம் பாயிண்ட் இலவசம். தொடங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது.

ஸ்கில் இன்ஜெக்டர் வாங்கலாமா?

2016 பிப்ரவரியில் வந்தது இது. ஒருவர் தன் பாத்திரத்திலிருந்து 5 லட்சம் பாயிண்ட்டை உருவி இன்ஜெக்டராக அடைத்துச் சந்தையில் விற்கலாம், இன்னொருவர் வாங்கி ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றுகிறவரிடம் ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறதோ அதைப் பொறுத்துக் கசியும். 50 லட்சத்துக்குக் கீழே இருந்தால் முழு 5 லட்சமும் கிடைக்கும், 5 கோடி வரை 4 லட்சம், 8 கோடி வரை 3 லட்சம், அதற்கு மேல் ஒன்றரை லட்சம்தான்.

ஆகவே புதியவருக்கே அதிகப் பலன். ஆனாலும் முதல் மாதத்தில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. எந்தத் தொழில் பிடிக்கும் என்று தெரியாமல் ஏற்றிய பாயிண்ட் பாதிக்குமேல் வீணாகப் போகும். ஏற்கெனவே செய்யும் வேலையில் ஒரே ஒரு ஸ்கில் குறுக்கே நின்று, அது திறந்தால் வருமானம் உடனே கூடும் என்று கணக்கு சொன்னால் வாங்குங்கள்.

காசு கட்டாமல் ஆல்ஃபாவாகவே ஆடலாமா?

ஆடலாம். 2016 நவம்பரிலிருந்து அந்த வசதி உண்டு. ஆனால் ஆல்ஃபா பாதி வேகத்தில்தான் கற்கும், வரிசையில் 24 மணி நேரத்துக்கு மேல் போட முடியாது, 50 லட்சம் பாயிண்ட் வந்ததும் தானாகக் கற்பது நின்றுவிடும். கிரகத் தொழில் (கிரகத்திலிருந்து மூலப்பொருள் எடுத்துப் பொருள் செய்வது) கிடையாது. கிளோக் போட்டு மறைய முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு ஆல்ஃபா கணக்கைத் திறந்து வைப்பது விதிமீறல், கணக்கு போய்விடும். எது பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஆல்ஃபா தாராளமாகப் போதும்.

விளையாடியே சந்தாவைக் கட்டிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் புதியவருக்கு நஷ்டம். பிளெக்ஸ் என்பது நிறுவனத்திடம் நிஜக் காசுக்கு வாங்கி ஆட்டத்துக்குள் இஸ்க்குக்கு விற்கக்கூடிய பொருள். 500 பிளெக்ஸ் கொடுத்தால் 30 நாள் ஒமேகா.

விலை தினமும் மாறும், அன்றைய விலையை ஆட்டத்தின் பெரிய சந்தையான ஜிட்டாவில் பார்த்து நீங்களே போடவேண்டிய கணக்கு இது. ஒரு பிளெக்ஸ் 50 லட்சம் இஸ்க் என்று வைப்போம். 500 பிளெக்ஸ் 250 கோடி. மணிக்கு 2 கோடி சம்பாதிக்கிறவர் மாதம் 125 மணி நேரம் உழைக்க வேண்டும், தினமும் 4 மணி நேரத்துக்கு மேல். அதே சந்தா நிஜக் காசில், 2022 மே விலை உயர்வின்படி, மாதம் 19.99 டாலர். மணிக்கு 16 சென்ட் கூலிக்கு வேலை பார்த்த கணக்காகிறது. மணிக்கு 20 கோடி வருகிறவருக்கு அதே வேலை பன்னிரண்டரை மணி நேரம்தான். அந்த நிலைக்கு வந்தபின் பிளெக்ஸ் பற்றி யோசியுங்கள்.

வாங்கிய பிளெக்ஸைக் கப்பலில் ஏற்றாதீர்கள், அதற்கென்று இருக்கும் வால்ட்டிலேயே விடுங்கள். 2010 ஆகஸ்டில் ஒருவர் 74 பழைய பிளெக்ஸை (அப்போது ஒன்றே 30 நாள் சந்தா) கெஸ்ட்ரல் என்ற சின்ன ஃபிரிகேட்டில் ஏற்றி ஜிட்டாவில் வெளியே வந்தார். சுட்டார்கள், எல்லாம் அழிந்தது. ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்பு.

முதல் வாரம் என்ன செய்வது?

கேரியர் ஏஜென்ட்டுகள் (பயிற்சி வேலை தரும் ஆட்டப் பாத்திரங்கள்) எல்லோரிடமும் போய்விட்டு வாருங்கள். சுரங்கம், உற்பத்தி, தேடல், சண்டை என ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் இருப்பார். கப்பல்களும் ஸ்கில் புத்தகங்களும் கொஞ்சம் இஸ்க்கும் தருவார்கள். வென்ச்சர் என்ற மைனிங் ஃபிரிகேட் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும். முடித்ததும் ஆர்னான் என்ற நட்சத்திர மண்டலத்தில் சிஸ்டர்ஸ் ஆஃப் ஈவ் அமைப்பின் நீண்ட மிஷன் தொடரை எடுங்கள். முடிவில் நான்கு பேரரசுகளில் ஒன்றிடம் நல்ல பெயர் சேரும், அது பின்னால் மிஷன் செய்ய உதவும்.

அதோடு ஒரு கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர்களின் கூட்டம்) சேருங்கள். தனியாகவே ஆறு மாதம் ஓட்டுகிறவரை விட, இரண்டாம் வாரத்திலேயே நல்ல கூட்டத்தில் சேர்ந்தவர் வேகமாகத் தேறுவார். வெடித்த ஃபிரிகேட்டுக்குப் பதில் கப்பல் கொடுக்கும் கார்ப்பரேஷன்கள் நிறைய.

மைனிங் செய்தால் எவ்வளவு வரும்?

மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் குறைவு. கவனம் குறைவாகவே போதும் என்பதற்கான விலை அது. வென்ச்சரின் தாதுக் கிடங்கு 5,000 கன மீட்டர். வெல்ட்ஸ்பார் என்ற தாது ஒரு அலகு 0.1 கன மீட்டர் என்பதால் 50,000 அலகு பிடிக்கும். வென்ச்சருக்குப் பிறவியிலேயே வார்ப் (அதிவேகத் தாவல்) நிலைப்பு +2 இருப்பதால் ஒற்றைப் பூட்டுக் கருவி அதைப் பிடித்து வைக்காது, இது புதியவருக்குப் பெரிய தைரியம்.

அடுத்த படியில் மூன்று பார்ஜ்கள் (பெரிய மைனிங் கப்பல்கள்). கிடங்கு பெரிது ரிட்ரீவர், தோண்டும் வேகம் கோவெட்டர், அடி தாங்குவது புரோக்யூரர். தனியாகத் தோண்டுகிறவர் வேகத்தைப் பார்த்து மயங்காமல் புரோக்யூரர் எடுப்பதுதான் புத்தி. பாதுகாப்பான மண்டலத்திலும் மலிவான கேட்டலிஸ்ட் டிஸ்ட்ராயர் ஒன்றிரண்டு வந்து பார்ஜை உடைத்துவிட்டுப் போகும்.

நான் தோண்டிய தாதுவில் நானே கப்பல் செய்தால் செலவு இல்லைதானே?

இல்லை. ஆட்டத்தின் மிகப் பரவலான தவறே இதுதான். உங்களிடம் 1 கோடி இஸ்க் மதிப்புள்ள தாது இருக்கிறது, அதில் செய்த பொருள் 90 லட்சத்துக்குப் போகிறது என்றால், நீங்கள் 10 லட்சம் நஷ்டப்பட்டீர்கள். தாதுவை அப்படியே விற்றிருந்தால் 1 கோடி வந்திருக்கும். உற்பத்தியில் இறங்குமுன் மூலப்பொருள் எல்லாவற்றையும் சந்தையில் வாங்கியதாக வைத்து லாபம் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அந்தப் பொருளைச் செய்யாதீர்கள்.

கையில் காசே இல்லை. சீக்கிரம் சம்பாதிக்க எது நல்லது?

தேடல், அதாவது எக்ஸ்ப்ளோரேஷன். முதலீடு மிகக் குறைவு, திறமை கூடக்கூட வருமானம் கூடும், ஆல்ஃபாவாலும் முடியும்.

ஹெரான், மேக்னேட், இமிக்கஸ், புரோப் இந்த நான்கில் உங்கள் பாத்திரத்தின் இனத்துக்குரிய கப்பலை எடுங்கள். கோர் புரோப் லாஞ்சர் ஒன்று, 8 ஸ்கேன் புரோபுக்கு (அதே பெயர்க் கப்பல் அல்ல, ஏவித் தேடும் சிறு கருவி) மேல் கையிருப்பு, ஒரு ரெலிக் அனலைசர், ஒரு டேட்டா அனலைசர், ஒரு மைக்ரோவார்ப் டிரைவ். கவசத்தில் காசு போடாதீர்கள், பிடிபட்டால் எப்படியும் சாவுதான்.

எட்டு புரோபையும் விரித்து, சிக்னல் இருக்கும் இடத்தில் மையத்தை வைத்து ஸ்கேன் செய்யுங்கள். வலிமை கூடக்கூட வட்டத்தைச் சுருக்கி, 100 சதவீதம் வந்ததும் அங்கே வார்ப் ஆகலாம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். புரோபை மேலிருந்து மட்டும் பார்த்து நகர்த்துவார்கள், உயரம் தப்பாக இருக்கும், சிக்னல் 60 சதவீதத்திலேயே நிற்கும். மேலிருந்து ஒருமுறை, பக்கவாட்டிலிருந்து ஒருமுறை பார்த்துச் சரிசெய்தால் போதும்.

அடுத்து பெயரைப் படியுங்கள். ரெலிக் (பழஞ்சிதைவு) தளத்தின் பெயர் 'கிரம்பிளிங்' என்று தொடங்கினால் ஹைசெக் (பாதுகாப்பு அதிகமுள்ள பகுதி) தரம், 'டிகேய்டு' லோசெக் (பாதுகாப்பு குறைந்த பகுதி), 'ரூயின்ட்' நல்செக் (போலீஸே இல்லாத பகுதி) தரம், காசு அங்கேதான். வோர்ம்ஹோலுக்குள் (இடம் மாறும் துளை வழியே போகும் பகுதி) 'ஃபர்காட்டன்', 'அன்செக்யூர்ட்' என்று தொடங்கும் தளங்களைத் தொடாதீர்கள். அவற்றை ஸ்லீப்பர் கப்பல்கள் காக்கின்றன, இறங்கிய சில நொடியில் உங்கள் ஃபிரிகேட் இருக்காது. கொள்ளைக் கூட்டத்தின் பெயர் சேர்ந்த தளங்கள் அங்கேயும் காவல் இல்லாதவை.

தளத்துப் பெட்டியில் அனலைசரை ஓட்டி ஹேக்கிங் பலகை திறந்ததும் நடுவைவிட ஓரங்களை முதலில் திறவுங்கள், நீங்கள் உடைக்க வேண்டிய சிஸ்டம் கோர் பெரும்பாலும் ஓரத்தில் கிடக்கும். திறந்த கட்டத்தில் தெரியும் எண், பயனுள்ள கட்டமோ கோரோ எத்தனை தாவலில் இருக்கிறது என்று காட்டும். வைரஸ் சப்ரஸ்ஸர் வந்தால் உடனே அடியுங்கள், அது உங்கள் வலிமையைக் குறைக்கும். ரெஸ்டோரேஷன் நோட் வந்தால் அதையும் விடாதீர்கள், மற்ற தடைகளுக்கு அது உயிர் ஏற்றும். ஃபயர்வாலை மட்டும், வேறு வழி இருந்தால் சுற்றிப் போங்கள். ஒருமுறை தோற்றால் பெட்டி நிற்கும், இரண்டாம் முறை தோற்றால் வெடித்துவிடும்.

இன்டேக்ட் ஆர்மர் பிளேட்ஸ் போன்ற பொருள்கள் கிடைத்தால் அன்றைய வேலையே அதுதான். இடமும் அதிகம் பிடிக்காது. ஆனால் பெட்டி நிறையட்டும் என்று சுற்றாதீர்கள். நீங்கள் வெடித்தால் இழப்பது உங்கள் கப்பலின் விலையைப் போலப் பல மடங்கு. கப்பலின் விலைக்குப் பத்து மடங்கு சேர்ந்ததும் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள் என்பது எங்கள் கணக்கு.

நல்செக்கில் ஓயாமல் சாகிறேன். என்ன தப்பு?

பெரும்பாலும் ஒரு கேட்டிலிருந்து (மண்டலங்களை இணைக்கும் வாயில்) அடுத்த கேட்டுக்கு நேராக வார்ப் ஆகியிருப்பீர்கள். அந்த நேர்கோட்டில்தான் வார்ப் குமிழியை விரித்து வைப்பார்கள். குமிழி உங்களைக் கேட்டுக்கு முன்பே இழுத்து நிறுத்திவிடும். முதலில் கோட்டுக்குப் பக்கவாட்டில் உள்ள ஏதாவது கிரகத்துக்குப் போய், அங்கிருந்து டிஸ்கேனில் (சுற்றியுள்ளதைக் காட்டும் ஸ்கேனர்) கேட்டைப் பாருங்கள். டிஸ்கேன் 14.3 வானியல் அலகு வரை காட்டும். குமிழியோ கப்பலோ தெரிந்தால் வேறு கோணத்திலிருந்து இறங்குங்கள். தளத்தில் ஹேக் செய்யும்போதும் சில நொடிக்கு ஒருமுறை டிஸ்கேனை அழுத்துங்கள். நல்செக்கில் மண்டலத்துக்குள் வந்தவர் பெயர் லோக்கல் அரட்டையில் உடனே தெரியும். வோர்ம்ஹோலில் தெரியாது, அங்கே டிஸ்கேன் மட்டும்தான் கண்.

மிஷன்களால் முன்னேற முடியுமா?

முடியும், நிதானமாக. ஏஜென்ட் நிலை 2-க்கு நற்பெயர் 1.0, நிலை 3-க்கு 3.0, நிலை 4-க்கு 5.0 வேண்டும். நிலை 4 வந்தால்தான் வருமானம் பேசும்படி இருக்கும். பவுன்டி (எதிரிக் கப்பலை உடைத்தால் வரும்) பணத்தை மட்டும் பார்க்காதீர்கள், கூடவே வரும் லாயல்டி பாயிண்ட்டில்தான் பாதி லாபம். அதை வைத்துக் கடையில் வாங்கும் பொருளைச் சந்தையில் விற்றால் ஒரு பாயிண்ட்டுக்கு எத்தனை இஸ்க் வருகிறது என்று ஒவ்வொரு பொருளுக்கும் வகுத்துப் பாருங்கள். ஒரே கடையில் இரண்டு பொருளுக்கிடையே மூன்று மடங்கு வித்தியாசம் இருக்கலாம்.

அபிஸல் டெட்ஸ்பேஸ்?

ஆபத்தான சண்டைப் பகுதி இது, 2018 மே மாதம் வந்தது. மூன்று அறைகள், மொத்தம் 20 நிமிடம், அதற்குள் வெளியே வராவிட்டால் கப்பலும் உடலும் போகும். நல்ல வருமானம், நடுவில் தப்பிக்க வழியே இல்லை. இன்டர்நெட் அடிக்கடி அறுகிற வீட்டிலிருந்து செய்யவேண்டாம்.

வியாபாரம் செய்தால்?

ஆட்டத்தின் பெரும் பணக்காரர்கள் பலர் இங்கிருந்து வந்தவர்கள். சந்தைகளில் முதன்மையானது ஜிட்டா மண்டலத்தின் நான்காம் கிரகத்து நான்காம் நிலவில் உள்ள கால்டாரி நேவி நிலையம். பிறகு அமார், டோடிக்ஸி, ரென்ஸ், ஹெக். வாங்கும் ஆர்டரில் மலிவாகப் பிடித்து விற்கும் ஆர்டரில் ஏற்றி விற்பதுதான் அடிப்படை.

புதியவர் இதில் விழுவது கட்டணத்தில். ஒரு லட்சத்துக்கு வாங்கி 1,10,000-க்கு விற்கும் பொருளை எடுத்துக்கொள்வோம். ஸ்கில் ஏதும் இல்லை. தரகு 3 சதவீதம், வாங்கும்போது 3,000, விற்கும்போது 3,300. விற்பனை வரியை நிறுவனம் அவ்வப்போது மாற்றும், 7.5 சதவீதம் என்று வைத்தால் 8,250. மொத்தம் 14,550 போகிறது. பத்தாயிரம் லாபம் என்று நினைத்த இடத்தில் 4,550 நஷ்டம்.

இப்போது புரோக்கர் ரிலேஷன்ஸ் 5, அக்கவுன்டிங் 5. முதல் ஸ்கில் படிக்கு 0.3 புள்ளி குறைத்துத் தரகை 1.5 ஆக்கும். இரண்டாவது படிக்கு 11 சதவீதம் குறைத்து வரியை 3.375 ஆக்கும். தரகு 1,500-உம் 1,650-உம், வரி சுமார் 3,713. அதே பொருளில் 3,137 லாபம். பொருளும் விலையும் ஒன்றுதான், இடையில் இருப்பது இரண்டு ஸ்கில். ஆல்ஃபாவால் இவற்றை 5 வரை ஏற்ற முடியாது என்பதால், வியாபாரத்துக்கு ஒமேகா கட்டாயம் என்றே சொல்வோம்.

விலையை மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டணம் உண்டு, 5 நிமிடத்துக்குள் மீண்டும் மாற்றவும் முடியாது. விலை நான்கு முக்கிய இலக்கங்களுக்குள் இருக்க வேண்டும், ஒரு பைசா குறைத்து முந்தும் பழைய விளையாட்டு இனி நடக்காது. வேகமாக ஓடும் நாலைந்து பொருளில் மல்லுக்கட்டுவதைவிட, நாளுக்குப் பத்து இருபது மட்டும் விற்கும் ஐம்பது பொருளைப் பிடிப்பது நிம்மதி. ஆர்டர் இடங்கள் தொடக்கத்தில் 5. டிரேட், ரீட்டெயில், ஹோல்சேல், டைகூன் நான்கையும் முழுதாக ஏற்றினால் 305.

கிரகத் தொழில் சும்மா இருந்தே காசு தருமாமே?

அமைத்த பிறகு வாரத்துக்கு சில நிமிட வேலை. ஒரு பாத்திரத்துக்கு அதிகபட்சம் 6 கிரகம். மூலப்பொருள் 3,000 அலகு அரை மணி நேரத்தில் 20 அலகு முதல்நிலைப் பொருளாகும்; இரண்டு வகையில் 40, 40 சேர்த்தால் ஒரு மணி நேரத்தில் இரண்டாம் நிலைப் பொருள் 5. உறிஞ்சியை நீண்ட நாளுக்கு ஓட்டினால் நாளாக ஆக ஊற்று குறையும். குறுகிய காலம் வைத்தால் விளைச்சல் அதிகம், வேலையும் அதிகம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பார்க்க முடிந்தால் அதற்கே அமையுங்கள். சுங்க அலுவலகத்தின் வரி எவ்வளவு என்று பார்க்காமல் கிரகம் பிடிக்காதீர்கள், லாபத்தை அதுவே தின்றுவிடும்.

ஹைசெக்கில் பொருளோடு போவது பாதுகாப்பா?

கான்கார்ட் போலீஸ் காப்பாற்ற வராது, தண்டிக்கத்தான் வரும். பாதுகாப்பு எண் 1.0 உள்ள மண்டலத்தில் சில நொடியிலும் 0.5-இல் இருபது நொடிக்குச் சற்றுக் குறைவாகவும் வந்து சேரும். அந்த இடைவெளியில் உங்களை உடைத்துவிட்டுத் தங்கள் மலிவான கப்பலைப் பலி கொடுப்பதுதான் இப்படித் தாக்கும் கூட்டத்தின் தொழில். யுடாமா மண்டலம் அதற்குப் பெயர் போனது.

அவர்கள் போடும் கணக்கை நீங்களும் போடுங்கள். வெடிக்கும் கப்பலில் ஒவ்வொரு பொருளும் தப்ப ஐம்பதுக்கு ஐம்பது வாய்ப்பு. உங்கள் சரக்கில் பாதியின் மதிப்பு, உங்களை உடைக்க அவர்கள் இழக்கும் கப்பல்களின் விலையைவிடக் கூடினால் நீங்கள் இரை. பிரித்து இரண்டு நடையாகக் கொண்டுபோங்கள். ஆட்டோபைலட் போடவே போடாதீர்கள், அது கேட்டிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி இறக்கி, மிச்ச தூரத்தை நகர்ந்தே கடக்கும். மலிவான பெரிய கப்பலுக்கு அதுவே மரணம்.

இன்ஷூரன்ஸ் எடுத்தால் நஷ்டம் ஈடாகுமா?

கப்பலின் உடலுக்கு மட்டும். கருவிகளுக்கும் சரக்குக்கும் கிடையாது. பிளாட்டினம் எடுத்தால் அடிப்படை மதிப்பு முழுதும் வரும், 12 வாரம் செல்லும். டெக் 2 (மேம்பட்ட வகை) கப்பல்களுக்கு வரும் தொகை சந்தை விலைக்குப் பக்கத்திலேயே நிற்காது.

மணிக்கு இத்தனை கோடி என்று வீடியோக்களில் சொல்வதை நம்பலாமா?

அது உச்ச நேரத்தின் எண். இப்படிக் கணக்கிடுங்கள்: ஒரு வாரத்தின் தொடக்கத்தில் பணமும் சரக்கும் கப்பலும் சேர்த்த மொத்த மதிப்பை எழுதிவையுங்கள், வார முடிவில் மீண்டும் எழுதுங்கள், வித்தியாசத்தை உள்ளே இருந்த மொத்த மணி நேரத்தால் வகுங்கள். பயணம், விற்கக் காத்திருந்த நேரம், வெடித்த கப்பல் எல்லாம் அதில் அடங்கும். புதியவர்களுக்குப் பெரும்பாலும் வீடியோ சொன்னதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அதற்காக மனம் தளர வேண்டாம். வாரத்துக்கு ஒரு கப்பலைக் குறைவாக இழப்பது, இன்னும் வேகமாகச் சம்பாதிப்பதைவிடப் பெரிய வருமானம்.

ஜிட்டாவில் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்கிறார்களே?

தரமாட்டார்கள். ஆட்டத்துக்குள் ஏமாற்றுவது விதிப்படி தடை இல்லை, நிறுவனத்திடம் புகார் செய்தாலும் திரும்ப வராது. 2006-இல் ஆட்டக்காரர்கள் பணம் போட்டுவைத்த ஒரு வங்கியையே அதை நடத்தியவர் சுருட்டிக்கொண்டு போனார், யாருக்கும் திருப்பித் தரப்படவில்லை. கான்ட்ராக்ட் பார்க்கும்போது பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் பூஜ்யங்களையும் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுங்கள். 'வாங்குகிறேன்' என்பதும் 'விற்கிறேன்' என்பதும் இடம் மாறியிருக்கும்.

சேர்த்த இஸ்க்கை நிஜக் காசாக்கலாமா?

கூடாது. வெளியே விற்பதும் வாங்குவதும் கணக்கு முடக்கம். பிளெக்ஸ் ஒருவழிப் பாதை: காசு உள்ளே வரும், வெளியே போகாது.

இந்தியா, இலங்கையிலிருந்து ஆடினால் பிங் பிரச்சினையா?

சர்வர் லண்டனில் இருக்கிறது, ஆனாலும் கவலை வேண்டாம். அது நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது, 150, 200 மில்லிசெகண்டு தெரியவே தெரியாது. தினமும் நம் நேரப்படி மாலை 4:30-க்குச் சர்வரை நிறுத்தித் திறப்பார்கள், அந்த நேரத்தில் சண்டை தொடங்காதீர்கள்.

மற்ற விண்வெளி விளையாட்டுகளில் இதைவிட வேகமா?

எலீட் டேஞ்சரஸில் மிக வேகம். அங்கே கற்கும் ஸ்கில் கிடையாது, காசு இருந்தால் அன்றே கப்பல். அனகோண்டா என்ற பெரிய கப்பல் ஏறக்குறைய 14.7 கோடி கிரெடிட். வேறொருவர் மிதிக்காத கிரகத்தில் ஸ்ட்ரேட்டம் டெக்டோனிகாஸ் என்ற உயிரினத்தின் மாதிரியை முதலில் பதிவுசெய்தால், 1.9 கோடி அடிப்படையும் நான்கு மடங்கு ஊக்கத்தொகையும் சேர்த்து 9.5 கோடி. இரண்டு கிரகத்தில் அனகோண்டாவுக்கு மேல். வெடித்தாலும் கப்பல் விலையில் 5 சதவீதம் கட்டித் திரும்ப வாங்கலாம். ஈவில் அந்த வலை கிடையாது, அதனால்தான் இங்கே சேர்த்ததற்கு மதிப்பு.

சில மாதம் நிறுத்திவிட்டு வந்தால் எல்லாம் போய்விடுமா?

ஸ்கில் போகாது. ஒமேகா முடிந்தால் ஆல்ஃபாவுக்கு மேற்பட்டவை பூட்டிக் கிடக்கும், சந்தா கட்டியதும் திறக்கும். போகுமுன் நீண்ட ஸ்கில் ஒன்றை வரிசையில் போடுங்கள். விற்பனை ஆர்டர்கள் அதிகபட்சம் 90 நாள்தான் நிற்கும், முடிந்ததும் பொருள் அந்த நிலையத்திலேயே உங்கள் பெயரில் இருக்கும்.

சொத்து எங்கே கிடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். விளையாட்டின் சொந்த நிலையத்தில் இருந்தால் பத்து வருடம் கழித்து வந்தாலும் இருக்கும். ஆட்டக்காரர் கட்டிய நிலையத்தில் இருந்து, அது உடைக்கப்பட்டால், பொருள் அசெட் சேஃப்டிக்குப் போகும். அதே மண்டலத்திலேயே மீட்டால் மதிப்பில் 0.5 சதவீதம், விட்டுவிட்டால் வேறு நிலையத்துக்குத் தானாகப் போய் 15 சதவீதம் கட்டணம். வோர்ம்ஹோலில் அந்த வசதியே இல்லை. நிலையம் உடைந்தால் உள்ளே இருப்பது உடைத்தவர்களுக்கு. நீண்ட விடுப்பு எடுக்கிறீர்கள் என்றால், கடைசி நாளில் வேறு எதையும் செய்யாதீர்கள், வோர்ம்ஹோலில் உள்ளதை ஜிட்டாவுக்கு இறக்கிவிடுங்கள்.